வைபரில் வந்ததை வாட்ஸ்அப்பில் ஏன் திறக்க முடியாது?

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தால் முதல் திரையிலேயே மூன்று நான்கு செயலிகள் நிற்கும். கனடாவில் இருக்கும் மூத்தவனுக்கு வாட்ஸ்அப். பாரிஸ் மகளுக்கு வைபர். அவள் போய்ச் சேர்ந்த காலத்தில் எல்லோரும் அதில்தான் கதைத்தார்கள், பிறகு மாற மனமில்லை. கட்டாரில் வேலை செய்யும் மருமகன் இமோவில் வருவார். சுவிஸில் உள்ள கடைக்குட்டி, "சிக்னலுக்கு வாங்கோ அம்மா, அதுதான் பாதுகாப்பு" என்று நச்சரித்து அதையும் இறக்க வைத்திருப்பான். ஏ9 வீதியோரத்து ரீலோட் கடைகளில் இந்தக் கதை அடிக்கடி நடக்கும்:

"தம்பி, வைபரில வாறதையும் இதுக்குள்ளயே பாக்கேலாதோ?"

"ஏலாதம்மா. அது அவங்கட, இது இவங்கட."

தம்பியின் பதில் சுருக்கமானது. ஆனால் விஷயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

2016 ஏப்ரலில், சில வார இடைவெளிக்குள், வாட்ஸ்அப்பும் வைபரும் ஒரே அறிவிப்பைச் செய்தன. இனி அனுப்புபவரின் போனிலேயே செய்தி பூட்டப்படும், பெறுபவரின் போனில் மட்டுமே திறக்கும், நடுவில் நிற்கும் நிறுவனத்தாலும் படிக்க முடியாது என்றன. வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது சிக்னல் செயலிக்காக எழுதப்பட்ட முறையை. வைபர் தன் தொழில்நுட்ப ஆவணத்தில், சிக்னல் முறையின் கருத்துகளையே தானும் பின்பற்றுவதாகவும், ஆனால் நிரலை முதல் வரியிலிருந்து தானே எழுதியதாகவும் சொல்கிறது. ஒரே கணக்கு, ஒரே மாதம். ஆனாலும் ஒன்றில் பூட்டியதை மற்றதில் திறக்க முடியாது.

இதைவிட விசித்திரம் வாட்ஸ்அப்பும் பேஸ்புக் மெசெஞ்சரும். இரண்டுக்கும் முதலாளி மெட்டா. இரண்டும் சிக்னல் முறையையே பாவிக்கின்றன; மெசெஞ்சரில் அது 2016இல் இரகசிய உரையாடலுக்கு மட்டும் வந்து, 2023 டிசம்பரிலிருந்து சாதாரண உரையாடலுக்கும் பரவத் தொடங்கியது. ஒரே வீட்டுக்காரரின் இரண்டு அறைகள், நடுவில் கதவில்லை.

பூட்டும் முறை பொதுவாக இருப்பது மட்டும் போதாது என்பதுதான் இதன் பொருள். உங்கள் போன் ஒரு செய்தியைப் பூட்ட வேண்டுமானால், எதிரே இருப்பவரின் பொதுச் சாவி முதலில் அதன் கைக்கு வர வேண்டும். அந்தச் சாவி எங்கே கிடைக்கும், யாருடையது என்று எப்படி அடையாளம் காண்பது, பூட்டிய செய்தியின் முதல் எழுத்தில் என்ன எழுதியிருக்கும், நீளம் எப்படிக் குறிக்கப்படும், படமும் குரலும் எந்த வரிசையில் அடுக்கப்படும் என்று நூற்றுக்கணக்கான சிறு சிறு முடிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிசகினாலும் வந்து சேர்வது வெறும் குப்பை. சாதாரணக் கோப்பில் ஒரு எழுத்து மாறினால் ஒரு எழுத்துத்தான் பிழைக்கும். பூட்டிய கோப்பில் ஒரு எழுத்து மாறினால் முழுவதையும் நிராகரிப்பதுதான் நல்ல மென்பொருளுக்கு இலட்சணம்.

குரல் அழைப்பில் இந்தச் சிக்கல் கிடையாது. டயலொக் சிம்மில் இருந்து மொபிட்டலுக்கும், அங்கிருந்து ரொறன்ரோவின் தரைவழி இணைப்புக்கும் எடுக்கலாம். கம்பனிகள் ஒன்றையொன்று இணைத்தே ஆக வேண்டும் என்று ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. செயலிகளுக்கு அப்படியொரு நிர்ப்பந்தம் நேற்றுவரை எந்த நாட்டிலும் இருக்கவில்லை.

மின்னஞ்சல் உலகம் இந்தப் பாடத்தை முப்பது வருடங்களுக்கு முன்னரே படிக்கத் தொடங்கிவிட்டது. படித்து முடித்ததா என்பது வேறு கதை.

1991இல் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் பிஜிபி என்ற மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். சாதாரண மனிதர் ஒருவர் தன் வீட்டுக் கணினியில் அரசாங்கங்களாலும் உடைக்க முடியாத கடிதத்தை எழுத அது வழிசெய்தது. மென்பொருள் கடல் கடந்து போனது. வலுவான பூட்டுகளை அமெரிக்கா அப்போது ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் வைத்திருந்ததால் 1993இல் சிம்மர்மன் மீது விசாரணை தொடங்கியது. வழக்கு எதுவும் பதியாமலே 1996 ஜனவரியில் அது கைவிடப்பட்டது.

இதற்கிடையில் நடந்த ஒரு சங்கதி இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பிஜிபி பாவித்த ஆர்எஸ்ஏ என்ற கணக்குமுறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை இருந்தது. பழைய பதிப்புகள் அதை மீறுவதாகப் புகார். சமரசமாக 1994 மே மாதத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2.6 என்ற பதிப்பை வெளியிட்டது. அதற்குள் ஒரு பொறி இருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி வந்ததும், புதிய பதிப்பு தான் எழுதும் செய்திகளின் தலைப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றும்: 2 இருந்த இடத்தில் 3. பூட்டு மாறவில்லை, கணக்கு மாறவில்லை, சாவி மாறவில்லை. ஆனால் பழைய பதிப்பு 3ஐக் கண்டதும் "எனக்கு விளங்காது" என்று கைவிரிக்கும். பழையதை வைத்திருப்பவர்களைப் புதியதுக்கு இழுக்கவே இந்த ஏற்பாடு. அமெரிக்கக் காப்புரிமை செல்லாத ஐரோப்பாவில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த எண் மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியோடு தங்கள் சொந்தப் பதிப்புகளை விட்டார்கள். இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாமல் போவதற்குக் கணிதம் காரணமாக இருப்பது அபூர்வம் என்பதற்கு இதைவிட நேர்த்தியான சாட்சி கிடைக்காது.

அடுத்த சுற்று ஒஸ்லோவுக்குப் போகிறது. வன்னியில் ஒஸ்லோ என்றால் 2002இன் சமாதான அனுசரணையாளர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்னர் அந்த நகரம் வேறொரு அனுசரணையும் செய்தது. மென்பொருளைக் கணினிக் கோப்பாக ஏற்றுமதி செய்யத்தான் தடை. அச்சிட்ட புத்தகத்துக்குத் தடையில்லை. எனவே 1997இல் பிஜிபி 5இன் நிரல் முழுவதையும் ஆயிரக்கணக்கான பக்கங்களில் புத்தகங்களாக அச்சிட்டு, சட்டப்படி அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோனார்கள். ஒஸ்லோவில் இருந்த ஒரு கணினியாளரின் ஒருங்கிணைப்பில் ஐரோப்பியத் தன்னார்வலர்கள் அதைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து, எழுத்துப் பிழை திருத்தி, மறுபடி மென்பொருளாக்கினார்கள். அச்சுப்பிழை பார்ப்பது எவ்வளவு கண் நோகும் வேலை என்று பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும்; இங்கே ஒரு காற்புள்ளி தவறினாலும் பூட்டு வேலை செய்யாது.

அந்த 5ஆம் பதிப்பு காப்புரிமைத் தொல்லையைத் தவிர்க்க வேறு கணக்குமுறைகளுக்கு மாறியது. அதில் உருவாக்கிய புதிய வகைச் சாவிக்கு எழுதும் கடிதத்தை 2ஆம் பதிப்பு வைத்திருப்பவர் தொடவே முடியாது. பழைய பதிப்பு நம்பியிருந்த ஐடியா என்ற பூட்டுமுறை சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதற்கும் ஒரு சுவிஸ் நிறுவனத்தின் காப்புரிமை இருந்தது. ஜெர்மனியில் வேர்னர் கொக் எழுதி 1999 செப்டெம்பரில் முதலாம் பதிப்பைக் கண்ட குனூபிஜி என்ற சுதந்திர மென்பொருள், அந்தக் காப்புரிமை காலாவதியாகும்வரை ஐடியாவைத் தனக்குள் சேர்க்கவேயில்லை. விளைவு, அன்றைய பயனாளர்கள் கடிதம் எழுதும் முன்னர் "உன்னிடம் எந்தப் பதிப்பு?" என்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. குனூபிஜிக்குள் பிஜிபி 2க்கு ஏற்றபடி நட, பிஜிபி 6க்கு ஏற்றபடி நட, 7க்கு, 8க்கு என்று தனித்தனிக் கட்டளைகளே இருந்தன. மாமியார் வீட்டுக்கு ஒரு சேலை, வேலைக்கு ஒரு சேலை என்பதுபோல.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் ஓபன்பிஜிபி என்ற பொதுத் தரம். இணையத் தொழில்நுட்பங்களின் விதிகளை எழுதும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பு அதை 1998இல் ஆர்.எஃப்.சி. 2440 என்றும், திருத்தி 2007இல் ஆர்.எஃப்.சி. 4880 என்றும் வெளியிட்டது. எந்த மென்பொருள் என்பது முக்கியமில்லை, இந்த ஆவணத்தின்படி நடந்தால் போதும். அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஒருவரின் பொதுச் சாவிக்குள்ளேயே ஒரு சிறு பட்டியல் பதிந்திருக்கும்: "எனக்கு இந்த இந்தப் பூட்டுகளைத் திறக்கத் தெரியும், இந்த வரிசையில் விருப்பம்." அனுப்புபவரின் மென்பொருள் அதைப் படித்து, தனக்கும் தெரிந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். பொதுவாக எதுவும் அகப்படாவிட்டால், எல்லோரும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அடியில் இருக்கும். ஒருவரிடமிருந்து பத்துப் பேர் ஒரே செய்தியை வாங்கும்போதும் பத்துப் பட்டியல்களுக்கும் பொதுவானது எது என்று பார்க்கப்படும். முன்பின் தெரியாத இருவர், பேசி வைக்காமலே ஒத்துப்போகிறார்கள்.

ஜெனீவாவில் புரோட்டன்மெயில் வைத்திருக்கும் ஒருவரும் வவுனியாவில் தண்டர்பேர்ட் மென்பொருளில் மின்னஞ்சல் பார்க்கும் ஒருவரும், யாரும் நடுவில் படிக்க முடியாத கடிதம் எழுதிக்கொள்ள முடிவது இந்தத் தரத்தால்தான். வைபருக்கும் வாட்ஸ்அப்புக்கும் இடையே இல்லாதது இதுவே. (கடிதத்தின் தலைப்பு வரி மட்டும் பெரும்பாலும் பூட்டப்படாமலே போகும். "மகனின் வழக்குச் சம்பந்தமாக" என்று தலைப்பிட்டுவிட்டு உள்ளே பூட்டி என்ன பயன்?)

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 4880ஐப் புதுப்பிக்கும் வேலை பல வருடம் இழுபட்டது. புதிய பூட்டுமுறையை எப்படிச் சேர்ப்பது என்பதில் கருத்து மோதல். குனூபிஜி தன் 2.3ஆம் பதிப்பில் ஒரு வழியை முன்கூட்டியே நடைமுறைப்படுத்திவிட்டது. தரத்தை எழுதும் குழுவின் மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். 2023 இறுதியில் கொக் தன் பக்கத்துக்கு லிப்ரேபிஜிபி என்று பெயரிட்டுத் தனியே போக, 2024 ஜூலையில் மற்றப் பக்கம் ஆர்.எஃப்.சி. 9580 ஆக வெளிவந்தது. புதிய தலைமுறைச் சாவிகளில் ஒரு பக்கத்துக்கு 5ஆம் பதிப்பு, மறுபக்கத்துக்கு 6ஆம் பதிப்பு. ஒன்றின் புதிய பூட்டை மற்றது திறக்காது. இருபத்தைந்து வருட உழைப்பில் கட்டிய பாலம் மறுபடி இரண்டாய்ப் பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது, இரு தரப்பிலும் நியாயம் இருக்கலாம், ஆனால் கடிதம் எழுதுகிறவனை ஒருவரும் கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இதில் சாதாரணப் பாவனையாளரைப் பிடிக்கும் கண்ணி நுணுக்கமானது. குனூபிஜியின் புதிய பதிப்பில் ஒரு சாவியை உருவாக்கினால், "எனக்குப் புதிய முறை தெரியும்" என்ற அடையாளம் சாவிக்குள்ளேயே பதியும். பிறகு அதே சாவியை அவர் அந்த முறை தெரியாத போன் செயலி ஒன்றுக்கு மாற்றிக்கொள்கிறார். சாவி சரியானது, கடவுச்சொல்லும் சரி. ஆனால் அடையாளத்தை நம்பி நண்பர் புதிய முறையில் பூட்டி அனுப்பிய கடிதத்தைப் போன் திறக்காது. மென்பொருளை மாற்றியவர் சாவிக்குள் உள்ள அடையாளத்தையும் மாற்றி, புதிய பொதுச் சாவியை எல்லோருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் குனூபிஜியின் அந்த இயல்பை அடைத்துவிட்டுத் தருகிறார்கள். நல்ல செய்தி ஒன்று உண்டு: 4880 காலத்து நான்காம் பதிப்புச் சாவிகளை இரு பக்கமும் இன்றும் ஒழுங்காகக் கையாள்கின்றன.

அப்படியானால் எந்தப் பழையதையும் கைவிடாமல் எல்லாவற்றையும் திறக்கும்படி மென்பொருளை வைத்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. 2018 மே மாதத்தில் ஜெர்மனி, பெல்ஜிய ஆய்வாளர்கள் ஈஃபெயில் என்று பெயரிட்ட ஓட்டைகளை அறிவித்தார்கள். பூட்டிய செய்தியை இடையில் யாரும் கிளறவில்லை என்று உறுதிசெய்யும் முத்திரை பிஜிபி 2 காலத்துச் செய்திகளில் கிடையாது. அந்தப் பழைய கடிதங்களும் திறக்க வேண்டுமே என்ற இரக்கத்தில், முத்திரை இல்லாவிட்டாலும் ஓர் எச்சரிக்கையோடு மென்பொருள்கள் திறந்து கொடுத்து வந்தன. பல மின்னஞ்சல் செயலிகள் அந்த எச்சரிக்கையைக் கவனிக்கவேயில்லை. தாக்குபவர் செய்தியைக் கிளறி, முத்திரையைப் பிய்த்துவிட்டு, திறந்த உள்ளடக்கம் தனக்கே வந்து சேரும்படி செய்ய அது வழிவிட்டது. அதற்குப் பிறகு வந்த குனூபிஜி பதிப்புகள் முத்திரையில்லாத செய்தியைத் திறக்க மறுக்கின்றன. 2014இல் வெளிவந்த 2.1ஆம் பதிப்பே பிஜிபி 2 காலத்துச் சாவிகளைக் கைகழுவிவிட்டது. தொண்ணூறுகளில் பூட்டிய கோப்பு யாரிடமாவது இருந்தால், அதைத் திறக்க 1.4 என்ற பழைய கிளையைத் தேடிப் போக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இவையெல்லாம் பாதித் தொல்லைதான். மீதிப் பாதி எழுத்தில் இருக்கிறது.

ஈழத் தமிழரிடையே நீண்ட காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. இன்றும் வன்னியின் தட்டச்சுக் கடைகளிலும் அச்சகங்களிலும் கை பழகிய விசைப்பலகை அதுதான். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச். எழுத்துரு இருந்தால் அம்மா; இல்லாவிட்டால் அந்த ஐந்து குறிகளும் அப்படியே. யாரும் பூட்டாமலே பூட்டிய கடிதம்! இப்படி எழுதிய கோப்பொன்றைப் பிஜிபியில் பூட்டி லண்டனுக்கு அனுப்பினால், அங்கே ஒழுங்காகத் திறந்த பிறகும் திரையில் புரியாத எழுத்துகள்தான் தெரியும். பூட்டு பிழைத்துவிட்டது என்று நினைத்துச் சாவியைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்ப்பார்கள். பிழையான சாவி என்றால் மென்பொருள் வாய்விட்டுச் சொல்லும், எதையும் காட்டாது. எழுத்துகள் ஏதோ தெரிகின்றன என்றால் பூட்டு திறந்துவிட்டது. தேட வேண்டியது எழுத்துருவை.

யுனிகோட் வந்தபின் இது பெருமளவு தீர்ந்தது. முற்றாகத் தீரவில்லை. 'கொ' என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு கொம்பு, கால் இரண்டும் சேர்ந்த ஒற்றைக் குறி. அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்று தனிக்குறிகள். கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு முதலாவது ஆறு பைட், இரண்டாவது ஒன்பது பைட். டிஜிட்டல் கையொப்பம் பார்ப்பது பைட்டை மட்டுமே. கையொப்பமிட்ட கடிதம் போகும் வழியில் ஏதாவது ஒரு செயலி 'கொ'வைத் தன் வழக்கப்படி ஒழுங்குபடுத்திவிட்டால், மறுமுனையில் "கையொப்பம் பொய்" என்று சிவப்பு எழுத்தில் வரும். கடிதத்தில் ஒரு சொல்லும் மாறியிருக்காது.

கடவுச்சொல்லைத் தமிழில் வைப்பவர்களுக்கு இன்னும் மோசமானது 'ஸ்ரீ'. பழைய விசைப்பலகைகள் அதை ஸகரத்தில் தொடங்கும். 2005இல் யுனிகோட்டில் ஶ என்ற தனியெழுத்து சேர்க்கப்பட்ட பிறகு வந்த பலவற்றில் அது ஶகரத்தில் தொடங்கும். ஸ்ரீ, ஶ்ரீ. பல திரைகளில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோல் இருக்கும். கடவுச்சொல் பெட்டியிலோ வெறும் புள்ளிகள் மட்டும் தெரியும். பழைய மடிக்கணினியில் வைத்த கடவுச்சொல்லைப் புதிய போனில் எழுத்துப் பிசகாமல் அடித்தும் சாவி திறக்காமல் போக இதுவே போதும். பூட்டு மென்பொருள்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும் சோதனைத் தொகுப்பு ஒன்றை செக்கோயா என்ற திட்டம் நடத்துகிறது, பெறுமதியான வேலை. ஆனால் தமிழ்க் கடவுச்சொல் என்ன ஆகிறது என்று சோதிக்க வேண்டியது தமிழில் அடிப்பவர்கள்தான். அதுவரை சாவியின் கடவுச்சொல்லை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பதே புத்தி.

இவ்வளவும் வன்னிக்கு எதற்கு என்று கேட்கலாம்.

தொண்ணூறுகளில் இந்த மண்ணிலிருந்து வெளியே சேதி போக இருந்த சில வழிகளில் ஒன்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம். உறை ஒட்டக்கூடாது; குடும்பச் செய்தி மட்டும்; வழியில் யாரும் வாசிக்கலாம் என்பது அதன் விதி. உலகில் எவரும் எந்தக் கருவியும் இல்லாமல் திறக்கக்கூடிய வடிவம் அது, அதற்கு விலையாக அந்தரங்கம் போனது. இன்று கைக்குள் பூட்டு இருக்கிறது, ஆனால் தேவை குறையவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டம் சில வாரங்களில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் எழுந்தது. அப்படிப் போராடும் குடும்பங்கள் கண்காணிக்கப்படுவதையும் அச்சுறுத்தப்படுவதையும் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகம் தன் அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கிறது. சாட்சியம், படம், கடைசியாகக் கண்ட திகதி, காணி உறுதியின் பிரதி ஆகியவற்றை ஒரு தொண்டர் தன் மடிக்கணினியில் பூட்டி வைக்கிறார் என்று வையுங்கள். பத்து வருடத்தில் அவர் புலம்பெயரலாம், மென்பொருள் மாறலாம். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதிப் பென்டிரைவோடு சேர்த்து வைக்காவிட்டால், இரகசியம் பத்திரமாக இருக்கும், உரியவருக்கும் எட்டாமல். இன்னொரு கணினியில், இன்னொரு மென்பொருளில் ஒருமுறை திறந்து பார்த்தபின் மூலத்தை அழிப்பதே ஒழுங்கு.

வீடுகளிலும் இது நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் மகன் அம்மாவுக்கு ஐபோன் கொண்டுவருகிறான். பழைய ஆண்ட்ரொய்டில் பல வருட வாட்ஸ்அப் குரல்செய்திகள். கூகுள் டிரைவில் காப்புப் பிரதி இருக்கிறதே என்று நம்பிப் பழைய போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. கூகுளில் வைத்த பிரதியை ஐபோன் திறக்காது, ஐகிளவுட்டில் வைத்ததை ஆண்ட்ரொய்ட் திறக்காது. ஒரே செயலி, ஒரே ஆள், ஒரே இலக்கம். 2022இலிருந்து ஆப்பிளின் இடமாற்றச் செயலியால் செய்திகளை ஆண்ட்ரொய்டிலிருந்து ஐபோனுக்கு நேரே கொண்டுபோகலாம். ஆனால் பழைய போன் கையில் இருக்க வேண்டும், ஐபோனும் புத்தம் புதிதாகவோ முழுதாக அழித்து மீளத் தொடங்கியதாகவோ இருக்க வேண்டும். பூட்டுப் போட்டு வைத்த காப்புப் பிரதி என்றால் 64 இலக்கச் சாவியோ கடவுச்சொல்லோ தொலையாமல் இருக்க வேண்டும்.

தடை வரும் நாள்களில் இந்தத் தனித்தனித் தீவுகளின் விலை தெரியும். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது ஏறக்குறைய ஒரு வாரம், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் ஒன்பது நாள், பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைபரும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3இல் பதினைந்து மணிநேரம் மறுபடியும். மின்னஞ்சல்போல எந்த நிறுவனத்தின் வாசலாலும் நுழையலாம் என்றிருந்தால், ஒன்று அடைபட்டால் இன்னொன்றால் அதே ஆளை எட்டலாம். செயலி அடைபட்டால் அதற்குள் இருக்கும் ஆளும் அடைபட்டுப் போகிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் உடைக்கப் பார்க்கிறது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் 2023 செப்டெம்பரில் மெட்டா 'வாயில்காப்போர்' பட்டியலில் வந்தது, வாட்ஸ்அப்பும் மெசெஞ்சரும் அதன் கீழ் அடங்கின. கேட்டு வரும் பிற செயலிகளுக்கு, பூட்டின் வலு குறையாமல், கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது கட்டளை. 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சிறு செயலிகளுடன் வாட்ஸ்அப் இதை ஐரோப்பாவில் தொடங்கியது. சேர வருபவர் சிக்னல் முறையைப் பாவிக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான வலுவுள்ளது என்று நிரூபிக்க வேண்டும் என்பது மெட்டாவின் நிபந்தனை. வியப்பாக, சிக்னலும் சுவிஸ் நிறுவனமான திரீமாவும் தாங்கள் சேரப்போவதில்லை என்றன. யார் யாரோடு எப்போது கதைக்கிறார்கள் என்ற விவரத்தை மெட்டாவைவிடக் குறைவாகச் சேர்ப்பவர்கள் அவர்கள். இணைந்தால் அந்த விவரம் பலவீனமான பக்கத்தால் ஒழுகும் என்பது அவர்களின் அச்சம். அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. சுவிஸ் இராணுவம் 2022இல் தன் படையினரை வாட்ஸ்அப்பை விட்டுத் திரீமாவுக்கு மாறச் சொன்னது வேடிக்கைக்காக அல்ல.

செயலிகள் ஒன்றையொன்று திறக்க ஒரு பொதுத் தரமும் கையில் இருக்கிறது. எம்.எல்.எஸ். என்ற அது 2023 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 9420 ஆக வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் உள்ள குழுவுக்கும் சாவி மாற்றும் வேலை கனக்காமல் இருக்கும்படி எழுதப்பட்டது. குறுஞ்செய்திக்கு அடுத்து வந்த ஆர்.சி.எஸ். முறைக்கு, ஆண்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே பூட்டுப் போட இதையே பாவிப்பதென்று கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் 2025 மார்ச்சில் விதி எழுதியது.

ஐரோப்பியச் சட்டம் பாரிஸ் மகளைத் தொடும். ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் லண்டன், சுவிஸ் பிள்ளைகளுக்கு அந்த உரிமையை அது நேரடியாகத் தராது. கிளிநொச்சி அம்மாவின் போனுக்கு அது வராது, இலங்கையில் அப்படியொரு சட்டமும் இல்லை. வந்த இடத்திலும் முதலில் எழுத்தும் படமும் குரல்செய்தியும் கோப்பும்தான் கதவு தாண்டுகின்றன. வன்னி வீடுகளில் அதிகம் பாவிக்கப்படுவது வீடியோ அழைப்பு. அதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் கெடு 2027 செப்டெம்பர்.